சின்ன நிறுவனத்தில் புது மேனேஜர் குடைச்சல்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் 5 பேர் முதல் 25 பேர் வரை வேலை பார்க்கும் இடங்களை மனதில் வைத்து எழுதியது இது. அரிசி ஆலை அலுவலகம், பலகாரக் கூடம், ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் கல்) பட்டறை, மரச்சாமான் கடை, பழைய வீட்டை ஹோட்டலாக்கி நடத்தும் இடம் எல்லாம் இதில் அடங்கும். ஊழியர் குறையைக் கேட்க இங்கே தனியாக ஆள் கிடையாது. முதலாளி பல இடங்களில் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு போனில் தொழிலை நடத்துவார். ஒரு நாள் புது மேனேஜரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்.

இதில் தடுக்கி விழுபவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள்: இரண்டாவது வாரமே முதலாளிக்குப் போன் போட்டுவிடுகிறார்கள். கடைசியில் எடுக்க வேண்டிய ஆயுதத்தை முதலிலேயே எடுத்துவிட்டால் பிறகு கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஆகவே கீழே உள்ள படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். விதிவிலக்கான விஷயங்கள் 9ஆம் படியில் உள்ளன. அவற்றில் ஏதாவது நடந்திருந்தால் நேரே அங்கே போங்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 80 பக்க நோட்டு. அலுவலகக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டாம். அது உங்களுடையது அல்ல. நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த கடிதம் இருந்தால் அதன் நகல். இல்லாவிட்டால், பல இடங்களில் இல்லை என்பதுதான் உண்மை, சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம் 12 மாதத்துக்கு. நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அதுவே சாட்சி.

பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் யு.ஏ.என். எண்ணும் (பி.எஃப். தளத்தில் உங்களுக்கான நிரந்தர எண்) பாஸ்வேர்டும். பாஸ்புக்கை ஒருமுறை திறந்து, மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். பி.எஃப். கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 15,000 என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் அதில் தெரிய வேண்டும். மேனேஜருடன் உரசல் முற்றிய பிறகு இதையெல்லாம் தேடப் போனால் பதற்றத்தில் பாதி கிடைக்காது.

இரண்டு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் தனியாக இருந்தால் நல்லது. வேலை போனால் என்ன ஆகும் என்ற பயத்தோடு பேசும்போது குரல் ஒன்று குழையும், இல்லையென்றால் எகிறும். இரண்டுமே காரியத்தைக் கெடுக்கும்.

## 2. முதல் வாரம்: மூன்று வாக்கியங்களை நாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்

"பழைய மேனேஜர் இருந்தப்ப இப்படி இல்லை." இதைக் கேட்ட நொடியிலிருந்து உங்களைப் பழைய ஆளின் கூட்டம் என்று கணக்கில் வைப்பார்.

"முதலாளிக்கிட்ட நான் பேசிக்கிறேன்." இது மிரட்டல். சிரித்துக்கொண்டே சொன்னாலும் மிரட்டல்தான்.

மூன்றாவது, "தம்பி". 30 வயது மேனேஜர், 55 வயது கணக்கப்பிள்ளை என்ற அமைப்பு இங்கே சகஜம். பையன் தெரிந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருப்பான். வெளியில் தம்பி என்று கூப்பிடலாம். கடைக்குள், அதுவும் வாடிக்கையாளர் முன்னால், "சார்" என்றே கூப்பிடுங்கள். அவர் பதிலுக்கு "அண்ணே" என்பார். வயதுக்கு மரியாதை அந்த ஒரு சொல்லில் தானாக வந்துவிடும்.

டீக்கடைப் பேச்சையும் இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். சின்ன ஊரில் சாயங்காலம் சொன்னது காலையில் கல்லாவுக்கு வந்து நிற்கும்.

## 3. 15 நாள் எழுதுங்கள், பேசாதீர்கள்

தினமும் இரவு 10 நிமிஷம். நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தார்கள், அதனால் எவ்வளவு நேரமோ பணமோ போனது, என் பக்கம் என்ன. இந்த ஐந்தும் போதும். "திமிர் பிடித்தவர்" மாதிரியான சொற்கள் நோட்டில் வரக்கூடாது. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய், காலை 10.20. 'நேத்தே அனுப்பச் சொன்னேன்ல?' என்றார். திங்கள் அன்று அவர் சொன்னது: புதன் அனுப்பினால் போதும். கூட இருந்தவர்கள்: லோடுமேன் இருவர். அவசரமாகத் தனி வண்டி பிடித்ததில் 1,400 ரூபாய் கூடுதல். என் பக்கம்: புதன்தானே என்று திரும்பக் கேட்டு உறுதி செய்யவில்லை."

'என் பக்கம்' என்ற கடைசி வரியைத்தான் புதிதாக எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத நோட்டு வெறும் புலம்பல். பின்னால் முதலாளி உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான், அதற்கு இப்போதே பதில் வேண்டும்.

ஏன் 15 நாள்? புது ஆளுக்கு முதல் வாரம் பதற்றம் இருக்கும். அந்த வாரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தவறிவிடும். இரண்டாவது வாரத்திலும் அதே காரியம் மூன்று நான்கு முறை வந்தால் அது அவருடைய சுபாவம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

## 4. நோட்டைப் பார்த்து வகை பிரியுங்கள்

15ஆம் நாள் எண்ணிப் பாருங்கள். எந்தக் குறை அதிக முறை வந்திருக்கிறது?

எல்லாவற்றையும் நோண்டிக்கொண்டே இருப்பவர் என்றால் அவருக்குப் பின்னால் ஒருவர் அவரை நோண்டிக்கொண்டிருக்கிறார். ராத்திரி முதலாளி போனில் கேட்கிற கேள்விக்கு அவரிடம் பதில் இருப்பதில்லை. மறுநாள் அது உங்கள் தலையில் விடிகிறது. இந்த வகைக்கு 5ஆம் படி.

வாக்கு மாறுபவருக்கு 6ஆம் படி. தொழில் தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டு உங்களை நெருக்குபவருக்கு 7ஆம் படி.

கத்துபவர் தனி வகை. கத்தும்போது பதில் சொல்லாதீர்கள், சிரிக்காதீர்கள், வெளியேறவும் வேண்டாம். முடித்ததும், "சரி சார், இப்ப எதை முதல்ல செய்யணும்?" என்று ஒரு கேள்வி மட்டும். கேள்விக்குப் பதில் சொல்ல அவர் யோசித்தாக வேண்டும். யோசிக்கத் தொடங்கினால் குரல் இறங்கும். பெண்கள் வேலை செய்யும் பலகாரக் கூடத்தில் ஆச்சிகளைப் பார்த்துக் கத்தினால் மட்டும் அன்றே, தனியாக, தணிந்த குரலில் சொல்லிவிடுங்கள். கைமுறுக்குச் சுற்றத் தெரிந்தவர் ஒருவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அந்த இடத்துக்கு ஆள் பிடிக்க மாதக்கணக்காகும். மேனேஜருக்கு இது தெரிந்திருக்காது.

## 5. அவர் கேட்கும் முன் கொடுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் பலன் தருவது இதுதான். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் ஐந்து வரி வாட்ஸ்அப், மேனேஜருக்கு மட்டும். குழுவில் போடாதீர்கள். குழுவில் முதலாளியும் இருப்பார். மேனேஜரைத் தாண்டித் தகவல் போனதாக ஆகிவிடும்.

நேரம் முக்கியம். முதலாளி சிங்கப்பூரில் இருந்தால் அவருக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே 8 மணிக்கு வரும் போன் அவருக்கு 10.30. ஆகவே 7 மணிக்குள் உங்கள் செய்தி மேனேஜர் கையில் இருக்க வேண்டும். ஒரு பலகாரக் கூடத்துச் செய்தி:

"1) மதுரை ஆர்டர் 40 பெட்டி கிளம்பியாச்சு, பில் போட்டாச்சு.
2) உளுந்து 2 மூட்டை இருக்கு, வியாழன் வரை வரும்.
3) திருச்சி கடை பாக்கி 18,500, நாளைக்குத் தர்றதா சொன்னார்.
4) தேன்குழல் அடுப்பில் பர்னர் அடைப்பு, மெக்கானிக் காலை 9க்கு வர்றார்.
5) நீங்க முடிவு சொல்ல வேண்டியது: எண்ணெய் 10 டின்னா, 15 டின்னா?"

மூன்று, நான்காவது வரிகளைப் பாருங்கள். கெட்ட சேதியும் அதில் இருக்கிறது. நல்லதை மட்டும் எழுதினால் ஒரு வாரத்தில் அந்தச் செய்தியை அவர் நம்புவதை நிறுத்திவிட்டு மறுபடி நேரில் வந்து நிற்பார். ஐந்தாவது வரி ஒரே கேள்வி, அதுவும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி. "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பதில் வராது.

இரண்டு வாரம் விடாமல் அனுப்புங்கள். மூன்று நாள் அனுப்பிவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். மேனேஜர் அந்த ஐந்து வரியை அப்படியே முதலாளிக்குப் படித்துக் காட்டத் தொடங்கிவிட்டால், பகலில் உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற வேலை அவருக்குக் குறைந்துவிடும். பெயர் அவருக்குப் போகிறதே என்று வருத்தம் வரும். போகட்டும்; நிம்மதி உங்களுக்கு.

## 6. வாய் உத்தரவை எழுத்தில் ஏற்றுங்கள்

வாக்கு மாறுபவருக்கு மருந்து இது. அவர் சொல்லிவிட்டுப் போன 10 நிமிஷத்துக்குள் ஒரு வரி அனுப்புங்கள்: "சார், தேவகோட்டை லோடு புதன் காலை. இன்னைக்குப் புதுக்கோட்டை மட்டும் ஏத்துறேன்." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

தொனியில் கவனம் வேண்டும். "நீங்க சொன்னபடி" என்று தொடங்கினால் பின்னால் மாட்டிவிடப் பதிவு செய்கிறார் என்று தோன்றும். "புதன் ஏத்துறேன்" என்று நீங்கள் செய்யப்போவதை எழுதினால் சாதாரண வேலைச் செய்தியாகவே இருக்கும். பலன் ஒன்றே.

சட்டச் சிக்கலுள்ள உத்தரவுக்கும் இதே வழிதான். வேறு மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும் போகும் சரக்குக்குப் பொதுவாக இ-வே பில் (வண்டி கிளம்பும் முன் ஜி.எஸ்.டி. தளத்தில் போடும் சரக்குச் சீட்டு) வேண்டும். "அதெல்லாம் அப்புறம், வண்டியை விடு" என்று ஒரு மேனேஜர் சொன்னால் வாதாட வேண்டாம். "சார், பெங்களூர் லோடு 72,000க்கு. இ-வே பில் 10 நிமிஷத்துல போட்டுட்டு வண்டியை விடுறேன்" என்று எழுதுங்கள். வண்டி வழியில் பிடிபட்டால் கேள்வி பில் போடுகிறவரிடம்தான் வரும்.

குரலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யாதீர்கள். தெரிந்துவிட்டால் மொத்த இடமும் உங்களை நம்பாது, உங்கள் பக்க ஆட்கள் உட்பட.

## 7. 'முடியாது' என்று சொல்லாமல் கணக்கைச் சொல்லுங்கள்

கல் பட்டறையை எடுத்துக்கொள்வோம். மேனேஜர் ஒரு வீட்டுக்காரருக்கு 1,000 கல் ஒரு வாரத்தில் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். "அதெல்லாம் ஆகாது சார்" என்றால் உங்களுக்குச் சோம்பல் என்று அவர் எடுத்துக்கொள்வார். தாளில் எழுதிக் காட்டுங்கள்: இரண்டு ஆள், ஆளுக்கு நாளைக்கு 100 கல் என்றால் வார்க்க 5 நாள். கடைசியாக வார்த்தது இறுக 1 நாள், தொட்டியில் ஊற 4 நாள், காய 2 நாள். மொத்தம் 12. உங்கள் பட்டறைக் கணக்கு வேறாக இருக்கலாம், எழுதுகிற முறை இதுதான்.

பிறகு அவர் கையில் இரண்டு வழி கொடுங்கள். "அவசரம்னா ஒன்பதாம் நாள் கூடத்துக்கு மட்டும் 400 கல், முதல்ல 2 நாள்ல வார்த்தது, குடுத்துடலாம். மிச்சம் 12ஆம் நாள். இல்லைன்னா ஏற்கெனவே காய்ஞ்சு நிக்கிற டிசைன்ல அவரைப் பார்க்கச் சொல்லலாம்." இதில் மேனேஜர் முகம் தப்பிக்கிறது, வீட்டுக்காரரிடம் சொல்ல அவருக்கு ஒரு பேச்சு கிடைக்கிறது.

ஊறுகிற நாளைக் குறைக்கச் சொன்னால் அங்கே வளையாதீர்கள். சிமெண்டுக்குத் தண்ணீர் போதாவிட்டால் பலம் ஏறாது. பதித்த பிறகு விரிசல் விட்டால் 1,000 கல்லுக்கும் பதில் சொல்ல வேண்டியது பட்டறைதான். எது பேரம் பேசக்கூடியது, எது கூடாது என்று உங்களுக்குள் முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தால்தான் பேசும்போது தடுமாற்றம் வராது.

## 8. தனியாக ஒரு பேச்சு. அதன்பின் தேவைப்பட்டால் முதலாளி

நாள். அலுவலகத்தில் 7ஆம் தேதிக்குள் சம்பளம், 11க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 15க்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி (இந்த இரண்டும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல்) என்று மாதம் ஓடும். மாதா மாதம் தாக்கல் செய்யும் இடத்தில் 20 வரை எந்த மேனேஜருக்கும் காது கேட்காது. 21 முதல் 25க்குள் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்டமில்லாத நேரம். தீபாவளிக்கு முந்தைய மாதம் பலகாரக் கூடத்தில் இந்தப் பேச்சே எடுக்காதீர்கள்.

அளவு. 15 நிமிஷம், ஒரே ஒரு விஷயம். நோட்டில் ஒன்பது குறை இருக்கலாம். ஒன்பதையும் கொட்டினால் அவர் எல்லாவற்றிலும் லேசான ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு மட்டும் பதில் சொல்வார்.

வரிசை. முதலில் நடந்தது, பிறகு அதனால் கடைக்கு ஆன செலவு, பிறகு வேண்டுகோள். "சார், போன மாசம் மூணு தடவை லோடு நாள் கடைசி நேரத்துல மாறுச்சு. வண்டிக்கு 4,200 கூடுதலாப் போச்சு. முந்தின நாள் 5 மணிக்கு மேல மாத்தணும்னா எனக்கு ஒரு போன் போட்டுருங்க, நான் வண்டிக்காரரை நிறுத்திடுறேன்." இதில் அவரைக் குற்றம் சொல்கிற சொல் ஒன்றுகூட இல்லை. உங்கள் மனவருத்தமும் இல்லை. இருந்தால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

நோட்டை எடுத்துப் போகாதீர்கள். பார்த்த உடனே அவர் வக்கீல் மாதிரி பேசத் தொடங்குவார். எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒப்புக்கொண்டால் அன்று சாயங்காலச் செய்தியில் ஆறாவது வரியாக அதைச் சேருங்கள். பிறகு 3 வாரம் பாருங்கள். மாறாவிட்டால் இன்னொரு முறை பேசுங்கள். அதற்கும் பிறகுதான் முதலாளி.

முதலாளி ஊருக்கு வருவது படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா, கல்யாணம் என்று ஏதாவது விசேஷத்துக்காக இருக்கும். வீட்டு முகப்பில் அவரைப் பிடித்து, பக்கத்தில் பங்காளிகள் உட்கார்ந்திருக்கும்போதே விஷயத்தை அவிழ்த்துவிடுவது பெரிய தவறு. அவர் "பார்ப்போம், பார்ப்போம்" என்பார். அதோடு அது முடிந்தது. சொல்லியாகிவிட்டது என்ற பெயரும் வந்துவிட்டது. "கடை விஷயமா 20 நிமிஷம் வேணும், எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டு நகருங்கள்.

போவதற்கு முன் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள்: "இந்த லோடு விஷயத்தை முதலாளிக்கிட்டயும் கேட்டுக்கலாம்னு இருக்கேன் சார்." பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் போனார் என்ற குற்றச்சாட்டு அதோடு ஒழிகிறது. பாதிப் பேர் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

கொண்டுபோக வேண்டியது ஒரு பக்கத் தாள். தேதி, நடந்தது, செலவு, மேனேஜரிடம் எப்போது பேசினேன், என்ன யோசனை. மேனேஜர் முதலாளியின் சொந்தக்காரர் என்றால் தாளில் அவர் பெயரே வரக்கூடாது. "லோடு நாள் மாற்றம்" என்றுதான் தலைப்பு. ஆளைப் பற்றிப் பேசினால் முதலாளி உறவைக் காப்பாற்றப் பார்ப்பார். பணத்தைப் பற்றிப் பேசினால் பணத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்.

## 9. காத்திருக்கக் கூடாத விஷயங்கள்

கை ஓங்கினால், பொய் பில்லில் உங்கள் கையெழுத்தைக் கேட்டால், பிடித்த பி.எஃப். பணம் பாஸ்புக்கில் ஏறாவிட்டால், 15 நாள் நோட்டெல்லாம் வேண்டாம். அன்றே முதலாளிக்கு எழுத்தில்.

பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடம் என்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181.

"நாளையிலிருந்து வராதே" என்று மேனேஜர் வாயால் சொன்னால் பதறாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. ஒழுங்கீனம் விசாரணையில் உறுதியானால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. மறுநாளும் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள், "வந்திருக்கேன்" என்று ஒரு செய்தியும் அனுப்புங்கள். வீட்டிலேயே இருந்துவிட்டால் நீங்களாக நின்றுவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

தூக்கம் கெட்டு, காலையில் கடை வாசலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம்.

## 10. போவதென்று முடிவானால்

கோபம் வந்த நாளில் ராஜினாமா எழுதாதீர்கள். முதலில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். 10 பேருக்குக் குறையாத இடத்தில் 5 ஆண்டு முடித்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கணக்கு: கடைசிச் சம்பளம், அதாவது அடிப்படையும் டி.ஏ.வும் (அகவிலைப்படி), பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் ஆண்டுகள். 18,000 ரூபாய், 5 ஆண்டு என்றால் 51,923 ரூபாய். நாலரை வருஷத்தில் ஒரு சண்டைக்காக இதை விட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய.

அடுத்த வேலை எழுத்தில் கைக்கு வந்த பிறகு ஒரு மாத நோட்டீஸ் கொடுங்கள். காரணம் எழுத வேண்டாம். "சொந்தக் காரணம்" போதும். காரைக்குடியில் அடுத்த கடைக்காரர் பழைய கடைக்குப் போன் செய்துதான் விசாரிப்பார். போனை எடுக்கப்போவது அதே மேனேஜர்.

பி.எஃப். தளத்தில் நீங்கள் வெளியேறிய தேதியை ஏற்ற மேனேஜர் இழுத்தடித்தால் கெஞ்ச வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து உங்கள் யு.ஏ.என். கணக்கில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.

கடைசி நாள் ஒரு ஒப்படைப்புப் பட்டியல் எழுதுங்கள்: குடோன் சாவி எத்தனை, டேலி (கணக்கு மென்பொருள்) பாஸ்வேர்டு, கல்லாவில் இருப்பு, வசூலாக வேண்டிய பாக்கி கடைவாரியாக, பாதியில் நிற்கும் ஆர்டர்கள். இரண்டு பிரதி. இரண்டிலும் மேனேஜர் கையெழுத்தும் தேதியும் வாங்கி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து "இரண்டாவது சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்று போன் வந்தால் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பலாம்.